நிழலில் விளையும் தேநீர்

தேநீர் எப்படி இருக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? சூடாக இருக்க வேண்டும். டம்ளர் நிறைய இருக்க வேண்டும். பாலும் சர்க்கரையும் தாராளமாக விழுந்திருக்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் கைக்கு வர வேண்டும். இந்த நாலு லட்சணங்களில் ஒன்று குறைந்தாலும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் நாம். இப்போது நான் சொல்லப் போகிற தேநீருக்கோ இந்த நாலில் ஒன்றுகூடக் கிடையாது. அது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மூன்று பேருக்குப் போட்டதை ஒன்றாகச் சேர்த்து ஊற்றினாலும் நம் வீட்டுக் காப்பி டவராவின் அடிப்பாகம்தான் நனையும். பால், சர்க்கரை என்று பேச்சை எடுத்தாலே கொடுக்கிறவரின் முகம் வாடிவிடும். கேட்டவுடனே வரவும் வராது. அப்படியிருந்தும், ஜப்பானில் இலையாக விற்கும் தேயிலைகளுக்குள்ளே உயர்ந்தது எது என்று விசாரித்தால் பெரும்பாலோர் இதைத்தான் சுட்டிக் காட்டுகிறார்கள்.

இதன் பெயர் கியோகுரோ. 'மணி போன்ற பனித்துளி' என்று அர்த்தம் சொல்லலாம்.

மறுப்பிலேயே உண்டாகும் ருசி இது. செடிக்கு வெயிலை மறுக்கிறார்கள். வெந்நீருக்குச் சூட்டை மறுக்கிறார்கள். குடிக்கிறவனுக்கு அளவை மறுக்கிறார்கள். இத்தனை மறுப்புக்கும் ஈடாக நாக்குக்கு என்ன கிடைக்கிறது, இதற்காகப் பாடுபடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் கொஞ்சம் பார்ப்போமா?

கியோத்தோ நகரத்திலிருந்து தெற்கே ரயிலில் அரை மணி நேரத்துக்குள் ஊஜி என்ற ஊருக்குப் போய்விடலாம். ஜப்பானியப் பத்து யென் நாணயத்தைப் பார்த்திருக்கிறவர்கள் அதன் ஒரு பக்கத்தில் ஒரு புத்தர் கோயில் இருப்பதைக் கவனித்திருப்பார்கள். அந்தக் கோயில் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஊருக்கு நடுவே ஒரு பெரிய ஆறு. ஆற்றின் மேல் ஒரு பாலம். பாலத்தின் கோடியில், 1160-ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருவதாகச் சொல்லும் ஒரு தேநீர்க் கடை! வீதியில் நடந்தாலே தேயிலை வறுக்கும் வாசனை மூக்கைத் துளைக்கிறது. நம் ஊர்ச் சந்நிதித் தெருவில் வாசலுக்கு வாசல் தேங்காய் பழக் கடை இருக்கிற மாதிரி, அங்கே வாசலுக்கு வாசல் தேயிலைக் கடை.

ஓஸாகாவில் உத்தியோகம் பார்க்கும் என் சிநேகிதர் ஒருவர், மே மாதம் பாதி கழிந்திருந்த சமயத்தில் என்னை அங்கே அழைத்துக்கொண்டு போனார். தமக்குத் தெரிந்த ஒரு பெரியவருடைய தேயிலைத் தோட்டத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. தோட்டம் என்றதும் நீலகிரிச் சரிவுகளில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்குமே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அங்கே நான் கண்டதோ சமவெளியில் போட்டிருந்த ஒரு மாபெரும் கல்யாணப் பந்தல். மூங்கில் கால்கள், மூங்கில் குறுக்குக் கழிகள், அவற்றின் மேல் நாணல் தட்டி, தட்டியின் மேல் கனமாக வைக்கோல். வாழை மரமும் மேளமும்தான் பாக்கி.

குனிந்து உள்ளே போனோம். வெளியே கண்ணைக் கூசும் பகல், உள்ளே சாயங்காலம். காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சியும் மங்கலும் தெரியும். ஆனால் கொடிக்காலில் அகத்தி இலைகளின் இடுக்கு வழியே வெயில் வந்து விளையாடும். இங்கே அந்த விளையாட்டுக்கும் இடமில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெளிச்சத்தை வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த அரை இருட்டில் மார்பளவு உயரத்துக்குச் செடிகள். அவற்றின் துளிர்கள் பெரிதாக, மெலிதாக, ஈரப்பட்டு போல் துவண்டு நிற்கின்றன. நிறம் என்ன நிறம் என்கிறீர்கள்? மயில் கழுத்துக்குப் பக்கத்தில் வரும் ஆழ்ந்த பச்சை.

பந்தலை ஒரே நாளில் மூடிவிடுவதில்லை. ஏப்ரல் மாதத்தில் துளிர் கண் திறந்து ஓர் இலை விரிந்ததும் முதலில் நாணல் தட்டியை மட்டும் விரிக்கிறார்கள். செடி அந்த நிழலுக்குப் பழகுகிறது. சுமார் பத்து நாள் ஆனபின் ஆட்கள் பந்தலின் மேல் ஏறி, கழிகளின் மேல் கால் வைத்து நடந்து, வைக்கோலைக் கைகளால் உதறித் தூவுகிறார்கள். சில நாள் கழித்து இன்னும் கொஞ்சம் வைக்கோல். இப்படியாக மொத்தம் 20 நாள், சில தோட்டங்களில் அதற்கும் மேல். பறிப்பு முடிந்ததும் அந்த வைக்கோலே செடிகளின் காலடியில் விழுந்து உரமாகிறது.

இந்தக் காலத்தில் பெரும்பாலான தோட்டங்களில் கறுப்பு நிறச் செயற்கை வலைதான் போடுகிறார்கள். வேலை சுலபம், வருஷக் கணக்கில் உழைக்கும். வைக்கோல் பந்தல் அபூர்வமாகிவிட்டது. அதற்கு நீளமான வைக்கோல் வேண்டும். அறுவடை யந்திரமோ நெல்லை அறுக்கும்போதே வைக்கோலையும் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டுவிடுகிறது. நெல் வயலில் யந்திரம் வந்ததனால் தேயிலைத் தோட்டத்தில் பந்தல் போயிற்று! இதையெல்லாம் எண்ணிப் பார்த்தா யந்திரம் வாங்குகிறோம்?

இந்தப் பந்தல் யோசனை முதன் முதலில் யாருக்கு எதற்காகத் தோன்றியது? ருசிக்காகத் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. ஊஜிப் பிரதேசத்தில் வசந்த காலம் வந்த பிறகும் சில இரவுகளில் உறைபனி விழும். இளந்துளிர் கருகிப் போகும். குழந்தைக்குக் குல்லாய் போடுகிற மாதிரி, பனிக்குப் பயந்து செடிகளை மூடினார்கள். 1577 முதல் 1610 வரையில் ஜப்பானில் வாழ்ந்த ஜோவோ ரோட்ரிகெஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார், ஊஜியில் தோட்டங்களை நாணலாலும் வைக்கோலாலும் மூடுகிற வழக்கத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். மூடின செடியின் இலை கருகாமல் பிழைத்தது. கூடவே தித்திக்கவும் செய்தது. அப்புறம் பனி போன பின்னும் பந்தலைப் பிரிக்க யாருக்கு மனசு வரும்?

வெகு காலம் வரையில் இப்படி நிழலில் வளர்ந்த இலையெல்லாம் பொடியாகத்தான் போயிற்று. கல் இயந்திரத்தில் அரைத்து, வெந்நீரில் நுரைக்க அடித்துக் குடிக்கும் மாட்சா என்னும் பொடித் தேநீர் அது. பதினேழாம் நூற்றாண்டில் ஊஜித் தேயிலையை ஜாடிகளில் அடைத்து எடோ நகரத்தில் இருந்த ஷோகனுக்கு வருஷா வருஷம் ஊர்வலமாகக் கொண்டு போவார்கள். ஜாடி வருகிறதென்றால் எதிரே வரும் பிரபுக்கள்கூட ஒதுங்கி வழி விட வேண்டும். ஸ்வாமி புறப்பாடு தோற்றது, போங்கள்!

சாதாரண ஜனங்களுக்குப் பொடித் தேநீர் எட்டாத கனி. 1738-ஆம் வருஷம் நகதானி ஸோயென் என்ற ஊஜிப் பக்கத்து விவசாயி, பறித்த தளிரை ஆவியில் வாட்டி, கையால் உருட்டி உலர்த்தும் ஒரு முறையைப் பக்குவப்படுத்தினார். அப்படித் தயாரித்த இலையைக் கூஜாவில் போட்டு வெந்நீர் ஊற்றினால் போதும், பச்சை நிறத்தில் நல்ல தேநீர் இறங்கும். இதுதான் இன்றைக்கு ஜப்பானில் வீட்டுக்கு வீடு வழங்கும் சென்சா. இது வெயிலில் வளர்ந்த இலை. இந்த உருட்டும் வித்தையையும் அந்தப் பழைய பந்தலையும் ஒன்று சேர்த்தால் என்ன? 1835-இல் எடோவின் தேயிலை வியாபாரி ஆறாவது யாமமோட்டோ கஹெய் ஊஜிக்கு வந்திருந்தபோது அந்தக் கல்யாணம் நடந்தது என்று சொல்வார்கள். பந்தல் ஏற்கெனவே தயாராக இருந்ததே! அந்தத் தம்பதிகளுக்குப் பிறந்த குழந்தைதான் கியோகுரோ.

நிழலில் வைத்தால் இலை ஏன் தித்திக்க வேண்டும்? இதற்கு ரசாயன சாஸ்திரம் பதில் சொல்லுகிறது. தேயிலைச் செடியின் வேரில் தியானின் என்று ஒரு சத்து உண்டாகிறது. அது அமினோ அமிலங்களின் இனத்தைச் சேர்ந்தது. வேரிலிருந்து தண்டு வழியாக ஏறித் துளிருக்கு வருகிறது. அங்கே வெயில் பட்டால் இலை அதைச் சிதைத்து, கேட்டகின் என்ற துவர்ப்புப் பொருளை உண்டாக்குவதில் செலவழித்துவிடுகிறது. சம்பாத்தியம் வருகிற வேகத்திலேயே செலவாகிற குடும்பம் என்று வைத்துக் கொள்ளுங்கள். வெயிலை மறைத்தால் செலவு குறைகிறது. வேர் அனுப்பும் பணம் துளிரில் சேமிப்பாகத் தங்குகிறது. தித்திப்பு மிகுந்து துவர்ப்பு குறைகிறது. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் நழுவ விடாமல் பிடிக்க வேண்டுமே என்று இலை அகன்று, பச்சையத்தைப் பெருக்கிக் கொள்கிறது. அந்த மயில் கழுத்து நிறத்தின் ரகசியம் இதுதான்.

இந்தத் தித்திப்பைச் சர்க்கரைத் தித்திப்பு என்று எண்ணிவிடக் கூடாது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற நாலு கணக்கிலும் சேராத ஒரு சுவை உண்டு என்று 1908-இல் டோக்கியோவைச் சேர்ந்த பேராசிரியர் இகெதா கிகுனாயெ கண்டு சொன்னார். கடற்பாசி வேக வைத்த சாற்றில் அவருக்கு அது அகப்பட்டது. 'உமாமி' என்று அதற்குப் பெயர் வைத்தார். கியோகுரோவில் மேலோங்கி நிற்பது இந்தச் சுவைதான். தியானினையே 1950-இல் கியோத்தோவில் ஸகாதோ யாஜிரோ என்ற ஆராய்ச்சியாளர் முதன் முதலாகப் பிரித்தெடுத்தது கியோகுரோ இலையிலிருந்துதான்.

தோட்டத்தில் பெண்மணிகள் பறித்துக் கொண்டிருந்தார்கள். எல்லோரும் நடு வயதைத் தாண்டியவர்கள். இளந்தளிரை விரலிடுக்கில் பிடித்து அப்படியே உருவுகிறார்கள். இலை கசங்குவதில்லை. இந்தச் செடிகளை வருஷத்தில் ஒரு தடவைதான் பறிப்பது. பறிப்பு முடிந்ததும் கிளைகளைக் கட்டையாக வெட்டிவிடுவார்கள். மறுபடி அது தழைத்து, பனியில் உறங்கி, அடுத்த வசந்தத்தில் துளிர்க்க வேண்டும். அதாவது, இருபது நாள் நிழலுக்குப் பின்னால் ஒரு முழு வருஷத்துக் காத்திருப்பு இருக்கிறது.

பறித்த இலையை அன்றைக்கே ஆவியில் காட்டிவிட வேண்டும். தாமதித்தால் இலை வாடிப் பழுக்க ஆரம்பித்துவிடும். அரை நிமிஷத்துக்குப் பக்கத்தில் ஆவி; பிறகு சூட்டில் உலர்த்தியபடியே உருட்டல். பழைய முறைப்படி கையால் உருட்டுவதானால், அடியில் கணப்பு வைத்த மேஜையின் மேல் மணிக்கணக்கில் நின்று செய்ய வேண்டும். இப்போது பெரும்பாலும் யந்திரந்தான். எப்படிச் செய்தாலும் முடிவில் இலை ஊசி ஊசியாக, கரும்பச்சையாக, எண்ணெய் தடவினாற் போன்ற மினுமினுப்போடு நிற்கும்.

பெரியவர் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவருக்கு எழுபதுக்கு மேல் வயது. அவருடைய மனைவி எங்களுக்குத் தேநீர் தயாரித்தாள். அந்த அம்மாள் செய்ததை வரிசையாகச் சொல்லுகிறேன். கவனமாகக் கேளுங்கள்.

கெட்டிலில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அதை இலையில் ஊற்றவில்லை. வெறும் பீங்கான் ஜாடி ஒன்றில் ஊற்றினாள். வெந்நீரை ஆற வைப்பதற்கென்றே அப்படி ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து மூன்று சின்னஞ்சிறு கிண்ணங்களில் ஊற்றினாள். மீதியைக் கொட்டிவிட்டு, கிண்ணத்து நீரைத் திரும்ப ஜாடியில் ஊற்றினாள். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றினால் ஏறத்தாழப் பத்து டிகிரி சூடு இறங்கும் என்பது கணக்கு. நம் வீட்டில் காப்பியை ஆற்றுகிறோமே, அதே வித்தைதான். ஆனால் நாம் காப்பியை ஆற்றுகிறோம், அவர்கள் தண்ணீரை ஆற்றுகிறார்கள். ஐம்பது, அறுபது டிகிரிக்கு இறங்கிய பிறகு, கைப்பிடியே இல்லாத ஒரு சிறு கூஜாவில் இலையைப் போட்டு அந்த நீரை ஊற்றினாள். கூஜாவுக்குக் கைப்பிடி எதற்கு? கை சுட்டால்தானே பிடி வேண்டும்?

மூன்று பேருக்குப் பத்துக் கிராம் இலை. அறுபது மில்லி தண்ணீர். ஊற்றிவிட்டு மூடி வைத்தாள். இரண்டரை நிமிஷம் யாரும் பேசவில்லை. வெளியே பந்தல் வைக்கோலில் காற்று சரசரக்கிற ஓசை மட்டும் கேட்டது. அவ்வளவு நேரமும் கூஜாவுக்குள் ஊசிகள் பிரிந்து மறுபடி இலைகளாகிக் கொண்டிருந்தன.

தண்ணீரை இவ்வளவு ஆற வைப்பானேன்? அதற்கும் காரணம் உண்டு. தித்திப்புச் சத்து குறைந்த சூட்டிலேயே கரைந்து வந்துவிடும். துவர்ப்பும் கசப்பும் சூடு ஏற ஏறத்தான் அதிகமாக வெளிவரும். கொதிக்கும் நீரை ஊற்றினால் இருபது நாள் பந்தல் போட்ட பலனெல்லாம் இருபது விநாடியில் கசப்புக்கு அடியில் போய்ப் புதைந்துவிடும்.

பிறகு அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம், அடுத்ததில் கொஞ்சம், மூன்றாவதில் கொஞ்சம் என்று சுற்றிச் சுற்றி ஊற்றினாள். பந்தி வஞ்சனை கூடாதல்லவா? கடைசியில் கூஜாவைக் கவிழ்த்துப் பிடித்துக் காத்திருந்தாள். ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, மூன்றாவது சொட்டு. அந்தக் கடைசிச் சொட்டுகளில்தான் சாரம் முழுவதும் இருக்கிறதாம். அதை வடிக்காமல் விட்டால் விருந்தாளிக்கும் நஷ்டம், இலைக்கும் அவமரியாதை.

கிண்ணத்தை எடுத்து உதட்டில் வைத்தேன். என்னவென்று சொல்லுவேன்! துவரம் பருப்பு வேகிற தண்ணீரைத் தெளிவாக இறுத்தால் ஒரு நிறைவு இருக்குமே, அது கொஞ்சம். இளநீரின் தித்திப்பு கொஞ்சம். கடற்கரைக் காற்றின் வாசனை கொஞ்சம். பந்தலில் வளர்ந்த இலைக்கே உரியது இந்த மணம். 'ஓயிகா', அதாவது மூடின மணம், என்று இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். வழவழவென்று நாக்கின் மேல் படர்ந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. விழுங்கின பிறகும் எழுந்திருக்கவில்லை. 1906-இல் நத்ஸுமே ஸோஸெகி எழுதிய 'குசமகுரா' என்ற நாவலில் வரும் ஓவியன், இந்தத் தேநீரைச் சொட்டுச் சொட்டாக நாக்கு நுனியில் வைத்துச் சுவைக்க வேண்டும் என்று சிலாகிக்கிறான். அவன் கட்சியில் நானும் சேர்ந்துவிட்டேன்.

ஒரு தடவையோடு இலையை எறிந்துவிடுவதில்லை. இரண்டாவது தடவைக்குக் கொஞ்சம் சூடான நீர். காத்திருக்கும் நேரம் குறைவு. இலேசான துவர்ப்போடு தெளிந்த ருசி. மூன்றாவதற்கு இன்னும் சூடு. அதில் நன்றாகவே கசப்பு தட்டும், வாய் சுத்தமாகிவிடும். முதல் டிகாக்ஷன், இரண்டாம் டிகாக்ஷன் என்று நாம் படிப்படியாக இறங்குகிறோம். இவர்களோ ஒவ்வொரு தடவையும் இலையிடமிருந்து வெவ்வேறு குணத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். எல்லாம் ஆன பிறகு, அந்த அம்மாள் கூஜாவிலிருந்த இலையைச் சிறு தட்டுகளில் எடுத்து வைத்து, சோயா ரசமும் புளிக்காடியும் இரண்டு துளி விட்டுக் கொடுத்தாள். இளங்கீரை மசியல் மாதிரி இருந்தது. தேநீரைக் குடித்து, பாத்திரத்தையும் சாப்பிட்டாற் போல் ஆயிற்று!

ஒரு எச்சரிக்கை. சின்னக் கிண்ணம்தானே என்று இரவு சாப்பாட்டுக்குப் பின் நாலைந்து கிண்ணம் இறக்கிவிடாதீர்கள். ஜப்பான் அரசாங்கத்தின் உணவுச் சத்து அட்டவணைப்படி 100 மில்லி கியோகுரோவில் 160 மில்லிகிராம் காபீன் இருக்கிறது. அதே அளவு காப்பியில் 60 தான். குடிக்கிற அளவு கொஞ்சமாக இருப்பதனால்தான் பிழைத்தோம். அளவு மீறினால் விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தோடு பேச வேண்டியதுதான்.

இதுவரையில் நாக்குக்குக் கிடைத்ததைச் சொன்னேன். இனி, பாடுபடுகிறவர்களுக்குக் கிடைப்பதைச் சொல்ல வேண்டும்.

கிண்ணங்கள் காலியானதும் பெரியவரிடம், "இந்தப் பந்தலில் விளைகிறதெல்லாம் கியோகுரோதானா?" என்று சிநேகிதர் மூலம் கேட்டேன். அவர் சற்று நேரம் தோட்டத்தின் பக்கம் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "போன வருஷம் வரையில் பாதி. இந்த வருஷம் கால் பங்கு. மீதியெல்லாம் தென்சா."

தென்சா என்பது மாட்சாப் பொடிக்கு அரைக்கும் இலை. அதையும் இதே பந்தலில்தான் வளர்க்கிறார்கள். ஆவியில் காட்டுகிற வரையில் இரண்டும் ஒன்றுதான். அப்புறம் ஒன்றை உருட்டினால் கியோகுரோ. உருட்டாமல் உலர்த்தி, நரம்பும் காம்பும் நீக்கி அரைத்தால் மாட்சா. ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்த அக்காள் தங்கை என்று சொல்லலாம். இதில் ஒருத்திக்கு இப்போது உலகம் முழுவதிலிருந்தும் வரன் வந்து குவிகிறது. பாலில் மாட்சா, ஐஸ்கிரீமில் மாட்சா, கேக்கில் மாட்சா! நம் ஊர் நாகரிக ஹோட்டல்களில்கூடப் பச்சை நுரை ததும்பும் கோப்பையைக் கண்டிருப்பீர்கள். ஜப்பானில் தென்சா உற்பத்தி 2010-க்கும் 2023-க்கும் இடையே ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. அதுவும் போதவில்லை. 2024-ஆம் வருஷத்து இலையுதிர் காலத்தில் கியோத்தோவின் பேர் பெற்ற கடைகளே ஆளுக்கு இத்தனை டப்பாதான் என்று ரேஷன் முறை வைக்க நேர்ந்தது.

மற்றவளோ வீட்டோடு இருக்கிறாள். ஜப்பானில் விளையும் தேயிலையில் கியோகுரோ நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஊஜி, தெற்கே புகுவோகா மாகாணத்திலுள்ள யாமெ, ஷிஸுவோகாவில் சில கிராமங்கள் என்று விரல்விட்டு எண்ணக் கூடிய இடங்களில்தான் விளைகிறது. யாமெக்காரர்கள் வைக்கோல் போன்ற இயற்கைப் பொருளால் மூடி, கையால் பறித்த கியோகுரோவுக்கு 2015-இல் அரசாங்கத்திடம் புவிசார் குறியீடு வாங்கி வைத்துக்கொண்டு விடாப்பிடியாக நிற்கிறார்கள். அந்தப் பக்கத்து ஹோஷினோ கிராமத்தில், மூடி போட்ட கிண்ணத்திலேயே இலையை ஊற வைத்து, மூடியை இம்மி அளவு நகர்த்தி, அந்த இடுக்கு வழியே சொட்டுச் சொட்டாக உறிஞ்சும் வழக்கத்தை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பெரியவர் தென்சாவுக்கு மாறியது குற்றமா? நான் ஒருநாளும் அப்படிச் சொல்ல மாட்டேன். விலை உயர்ந்த சரக்கைப் பயிரிடாதே என்று விவசாயிக்கு உபதேசம் செய்ய நாம் யார்? அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும். பந்தல் கழி மாற்ற வேண்டும். பிள்ளைகள் இரண்டு பேரும் பட்டணத்தில் வேலை பார்க்கிறார்கள். திரும்பி வருகிற உத்தேசம் இல்லை. தென்சா என்றால் இலையை மொத்தமாக ஆலைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

செடியைப் பற்றிக் கவலை இல்லை. இன்று தென்சாவாகிற செடி நாளைக்குக் கியோகுரோவாகச் சம்மதிக்கும். அழிந்து போகக் கூடியது வேறு ஒன்று. ஜப்பானில் 1985-இல் பச்சைத் தேநீரைத் தகர டப்பாவில் அடைத்து விற்க ஆரம்பித்தார்கள். 1990-இல் பிளாஸ்டிக் புட்டியில் அடைத்தார்கள். திருகினால் தேநீர்! இன்று அங்கே கூஜாவே இல்லாத வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. புட்டித் தேநீரில் பழகிய கைக்கு வெந்நீரை மூன்று தடவை மாற்றி ஆற வைக்கும் பொறுமை எங்கிருந்து வரும்? பொறுமையாக ஆற வைக்கிறவர்கள் குறைந்தால் கியோகுரோ வாங்குகிறவர்கள் குறைவார்கள். வாங்குகிறவர்கள் குறைந்தால் பெரியவரின் கால் பங்கும் அடுத்த வருஷம் பொடியாகிவிடும்.

"அந்தக் கால் பங்கை மட்டும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

பெரியவர் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாள் பதில் சொல்லிவிட்டாள். சிநேகிதர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: "அதையும் விட்டுவிட்டால், வீட்டுக்கு யாராவது வந்தால் என்ன கொடுப்பது என்று கேட்கிறாள்."

இதைவிட நல்ல காரணம் எனக்கு இன்னும் அகப்படவில்லை.

வாசகர்களில் யாருக்காவது ஜப்பான் போகிற சந்தர்ப்பம் வாய்த்தால், அல்லது போய் வருகிற உறவினர்கள் இருந்தால், ஒரு சிறு பொட்டலம் வாங்கிப் பாருங்கள். நல்ல சரக்கு 100 கிராமுக்குச் சில ஆயிரம் யென் ஆகும். ஆகையால் ஐம்பது கிராமே போதும். அது ஐந்து தடவை, தடவைக்கு மூன்று பேர் என்று பதினைந்து பேரை உபசரிக்கும். பொட்டலத்தைப் பிரித்தால் காற்றும் வெளிச்சமும் படாமல் இறுக மூடி வைத்து, சீக்கிரம் முடித்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் உதவாது. நல்ல மெல்லிய குடிநீர் வேண்டும். கைப்பிடியில்லாத கூஜா கிடைக்கவில்லையா? மூடியுள்ள சிறு பீங்கான் பாத்திரம் எதுவானாலும் சரி. சூடு பார்க்கக் கருவி வேண்டாம். கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்தால் சுகமாகப் பொறுக்க வேண்டும், அதுதான் பதம். வெயில் காலத்தில் இன்னும் சுலபம். இலையின் மேல் ஐஸ் கட்டிகளை வைத்துவிட்டு உங்கள் காரியத்தைப் பார்க்கப் போங்கள். ஐஸ் உருகி உருகித் தானே சாரத்தை இறக்கிவிடும்.

நானும் ஊஜியிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மாமனார் வந்திருந்தபோது அதைப் பிரித்தேன். அவர் திண்டில் சாய்ந்தபடி, நான் தண்ணீரை ஜாடிக்கும் கிண்ணத்துக்கும் மாற்றி மாற்றி ஊற்றுவதைச் சந்தேகத்தோடு பார்த்துக் கொண்டிருந்தார். கிண்ணத்தை நீட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரே மடக்கில் விட்டுக்கொண்டார்.

"சாம்பிள் நன்றாகத்தான் இருக்கிறது, மாப்பிள்ளை. டீ எப்போது வரும்?" என்றார்.

"அவ்வளவுதான் மாமா, டீயே அதுதான்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பத்திரிகையை எடுத்துப் பிரித்தார், படிக்கவில்லை. நாக்கைச் சப்புக் கொட்டிக் கொண்டு எதையோ யோசித்தார். இரண்டாவது கிண்ணத்தை மூன்று மிடறாகக் குடித்தார். மூன்றாவதற்குக் கெட்டிலை அடுப்பிலிருந்து எடுத்து வந்தவர் அவரேதான். தண்ணீர் போதிய அளவு ஆறிவிட்டதா என்று ஜாடியின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பொறுங்கள், மாப்பிள்ளை" என்றார்.